'களியல்' என்று தேடினால் 'களியலில்' ஏன் வருவதில்லை?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் வாங்கி விற்கிறேன். பல வருடக் கொள்முதல் விவரங்கள் நாள்வாரியாக டெக்ஸ்ட் கோப்புகளில் இருக்கின்றன. லினக்ஸில் கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளையான கிரெப் போட்டு, 'களியல்' என்ற ஊர்ப் பெயரைத் தேடினால் பாதி வரிதான் வருகிறது. நேரமும் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கிரெப் மேல் குற்றமில்லை. கடைசிப் புள்ளிதான் வழிமறிக்கிறது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'ல்' என்பது லகரம், புள்ளி என இரண்டு குறியீடுகள். 'களியலில்' என்று எழுதும்போது அந்தப் புள்ளி போய், அங்கே இகரக் குறி வந்துவிடும். ஆகவே புள்ளியை விட்டுவிட்டு 'களியல' என்று கொடுங்கள்; களியல், களியலில், களியலுக்கு எல்லாம் அகப்படும். குலசேகரம், 'குலசேகரத்தில்' ஆவதால் 'குலசேகர' போதும். அருமனை என்ற ஊர்ப் பெயர் எது சேர்ந்தாலும் மாறாது, அதற்கு இந்தத் தொல்லையே இல்லை.

கோதையாறு கொஞ்சம் வம்பு பிடித்தது. அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், கிரெப்புக்கு வேறு வேறு. முதல் எழுத்தையே விட்டு 'தையாற' என்று தேடினால் கோதையாறு, கோதையாற்றில் இரண்டும் வந்துவிடும்.

அப்புறம், சதுர அடைப்புக்குள் 'கி' என்று போட்டால் ககரம் அல்லது இகரக் குறி என்றுதான் பொருள். தமிழில் அந்த வித்தை வேண்டாம்.

சரி, வேகம். பழக்கதோஷத்தில் கட்டளையோடு 'மைனஸ் ஐ' போடுகிறீர்களா? அது ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பாராமல் தேடத்தான். தமிழ்ச் சொல்லுக்குப் பயனில்லை. மைனஸோடு பெரிய எழுத்து எஃப் கொடுத்தால் சொல்லை உள்ளபடியே தேடும். சின்ன எழுத்தில் 'மைனஸ் ஈ'யைத் திரும்பத் திரும்பப் போட்டு நாலு ஊர்ப் பெயரைச் சேர்த்தே கொடுக்கலாம், கோப்பை ஒரு தடவைதான் படிக்கும். எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் சின்ன எழுத்தில் 'மைனஸ் எல்'. முதல் வரி கிடைத்ததும் அடுத்த கோப்புக்குப் போய்விடும். இதையெல்லாம்விட முக்கியம், அதே ஃபோல்டரில் பில் போட்டோக்கள் கிடந்தால் 'இன்க்ளூட்' மூலம் டெக்ஸ்ட் கோப்புகளை மட்டும் படிக்கச் சொல்வது. கிரெப் போன்ற இன்னொரு தேடல் கருவியான ரிப்கிரெப் இருந்தால் இன்னும் விசேஷம்: பிராசசரின் பல கோர்களில் வேலையைப் பிரித்துக்கொள்ளும், போட்டோக்களையும் தானே ஒதுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பழைய வருடங்கள் மட்டும் வரவில்லை என்றால், அவை பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவையாக இருக்கலாம். அவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.