ட்ரம்ஸ் வாசிக்க ஆள் தருவதாகச் சொல்லி 40,000 ரூபா கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துப் பழகியவன். வெள்ளவத்தையில் ஒரு தங்கை நன்றாகப் பாடுவா, கர்நாடக சங்கீதம் படித்தவ. கீபோட்டுக்கு என் நண்பன் இருக்கிறான். ட்ரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஒன்பது மாதமாக ஆள் தேடுகிறோம். வருகிறவர்கள் இரண்டு ப்ரெக்டிஸோடு நின்றுவிடுகிறார்கள். இப்போது ஒரு மெனேஜர், தானே இரண்டு பேரையும் தந்து, கலியாண வேலையும் பிறகு டுபாய் ஹோட்டல் வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பதிவுக் கட்டணம் தலைக்கு 40,000 ரூபா. குழுவின் பெயரை அவர் பெயரில்தான் பதிய வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

குழுவுக்கு வேலை பிடித்துத் தருகிற நேர்மையான ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்கள் நிகழ்ச்சி முடிந்து காசு வந்த பிறகு அதிலிருந்து தங்கள் பங்கை எடுப்பார்கள். நீங்கள் வாசித்தால்தான் அவர்களுக்கு வருமானம், அதனால் வேலை தேடி ஓடுவார்கள். வாசிக்கும் பொடியன்களிடம் முன்கூட்டியே வாங்குகிறவருக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. மூன்று பேரிடம் 120,000 ரூபா கையில் வந்ததும் அவருடைய வியாபாரம் முடிந்துவிட்டது.

அவர் காட்டப்போகும் ட்ரம்ஸ்காரர் நன்றாகத்தான் வாசிப்பார். முதல் ப்ரெக்டிஸில் உங்களுக்கு மயிர்க்கூச்செறியும். அதே ஆளை அதே கிழமையில் வேறு மூன்று குழுக்களுக்கும் காட்டியிருப்பார்கள். மூன்றாவது ப்ரெக்டிஸுக்கு அவருக்குக் காய்ச்சல் வரும், நான்காவதுக்கு ஊரில் மரண வீடு. பிறகு வேறொருவர் வருவார். நீங்கள் காசைத் திருப்பிக் கேட்டால், ஆள் தந்தேனே, நீங்கள்தான் வைத்துக்கொள்ளவில்லை என்பார். கையில் உள்ள ரசீதில் எதற்கான காசு என்று ஒரு சொல்லும் இருக்காது.

‘பதிவு’ என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். வியாபாரப் பெயர் பதிவென்றால் அதைப் பிரதேச செயலகத்தில் நீங்களே செய்யலாம், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இல்லை. அந்தச் சான்றிதழ் கிடைத்தாலும் பெயர் உங்களுக்கே சொந்தமாகிவிடாது. வேறொருவர் அதே பெயரில் வாசிப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபார அடையாளமாக (ட்ரேட்மார்க்) பதிய வேண்டும். 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயருக்கு ஒரு கந்தோர், அடையாளத்துக்கு இன்னொரு கந்தோர், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ், டிக்கெட் விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரி. பாட வந்த பிள்ளைகளை இப்படி அலைய விடுவதால்தான், “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் நடுவில் வந்து நிற்க முடிகிறது. பெயர் அவர் கையில் இருந்தால் மூன்று வருடம் கழித்து, உங்களை சனம் அறிந்துகொள்ளும் நேரத்தில், அதே பெயரில் வேறு ஐந்து பேரை மேடையில் ஏற்றுவார். நீங்கள் புதுப் பெயரோடு திரும்பவும் தொடங்க வேண்டும்.

எனக்கு 19 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒருவர் கலியாண வேலை ஒன்று இருக்கிறதென்று எங்களிடம் ‘பாதுகாப்புக் காசு’ வாங்கிக்கொண்டு மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதித் தந்தார். ஓட்டோவில் போனோம். ஸ்னெயார் என்கிற சின்ன ட்ரம் என் மடியில், தாளத் தட்டுகள் அம்மாவின் படுக்கை விரிப்பில் சுற்றி ட்ரம்ஸ்காரரின் காலடியில். மண்டப வாசலில் இறங்கும்போதே உள்ளே யாரோ மைக்கில் “செக், செக்” என்பது கேட்டது. எங்களுக்கு முன்பே இன்னொரு குழு மேடையில் நின்றது. அவர்களும் அதே ஆளுக்குக் காசு கொடுத்தவர்கள். பெண்ணின் தகப்பன் எங்கள் இரண்டு குழுவுக்கும் நடுவில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார், அவரிடமும் முற்பணம் வாங்கியிருந்தார்கள். காசு வாங்கிய ஆள் தந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்துப் பார்த்தால் அது ஒரு கொமியூனிகேஷன் கடை, யாரும் காசு கொடுத்துப் பேசுகிற இடம். அன்றைக்கு விரிப்பைக்கூட அவிழ்க்காமல் திரும்பினோம். அந்த மாதமே ட்ரம்ஸ்காரர் தன் செட்டை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போனார். அவரைப்போல் ‘சிக்ஸ் எய்ட்’ தாளம் வாசித்தவரை நான் பிறகு அதிகம் கண்டதில்லை.

டுபாய் கதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஒன்பது மாதமாக ஆள் கிடைக்காதது உங்கள் குறை இல்லை. 2022 மார்ச்சில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. வெளியிலிருந்து வருகிற ட்ரம் செட்டும் அதோடு சேர்ந்து ஏறியது. வாங்கினாலும் வெள்ளவத்தை மாடி வீட்டில் எங்கே வைத்து அடிப்பது? 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஹோட்டல்கள் வெறிச்சோடின, அடுத்து கொரோனா, அடுத்து பொருளாதார நெருக்கடி. கை தேர்ந்தவர்களில் பலர் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள்.

இன்னொரு காரணம் எனக்குக் கோபம் தருவது. நம் பிள்ளைகள் இசை படிப்பதே பரீட்சைக்குத்தான். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையானாலும் லண்டன் பரீட்சையானாலும் பிள்ளை பரீட்சகருக்கு முன்னால் தன் திறமையை மட்டும் காட்டிவிட்டு வருகிறது. சுவர் நிறையச் சான்றிதழ் தொங்கும், ஆனால் பக்கத்தில் இன்னொருவர் வாசிக்கும்போது தன் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. சேர்ந்து வாசிப்பதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் உருப்படியான இடம் இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

வருகிறவர்கள் இரண்டு ப்ரெக்டிஸோடு நிற்பதற்கு நான் ஊகிக்கும் காரணம் இது. தங்கை “எனக்கு ஐந்தரைக் கட்டை” என்பா, கட்டை என்பது கர்நாடக சங்கீதத்தில் சுருதியின் அளவு. நீங்கள் தேவாலயத்தில் ஜீ, சீ, டீ என்று மேற்கத்தியச் சுருதியில் பழகியவர். ஐந்தரைக் கட்டை என்றால் ஜீ ஷார்ப். அதைக் கண்டுபிடித்து, கையை மாற்றி, திரும்ப ஆரம்பிக்க அரை மணித்தியாலம் போகும். வந்த ட்ரம்ஸ்காரர் அவ்வளவு நேரமும் குச்சியை உருட்டிக்கொண்டு இருப்பார். கிட்டார் கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்றை வாங்கி முதல் கட்டத்தில் போட்டு உங்கள் பழைய ஜீ பிடியையே பிடியுங்கள், ஸ்வரம் சரியாக வந்துவிடும். புதியவரை அழைப்பதற்கு முன்பே மூன்று பேருமாக மூன்று பாட்டை முழுதாக முடித்து வையுங்கள். ஒன்று மெதுவானது, ஒன்று பைலா, ஒன்று குத்து. வருகிறவருக்கு அன்றைக்கே வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும். அவர் எவ்வளவு வேகமாக உருட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். தங்கை பாடத் தொடங்கும்போது சத்தத்தைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள்.

பேஸ் கிட்டார்காரரைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்கள் நண்பனின் இடது கை கீபோட்டில் பேஸ் பிடிக்கட்டும், கொழும்பில் பல கலியாணக் குழுக்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ட்ரம் செட்காரருக்குப் பதிலாக ஒக்டபேட் என்கிற மின்னணு ட்ரம் பலகை வாசிக்கிறவரைத் தேடுங்கள். அது ஒரு ஓட்டோவில் போகும், ஹெட்போனில் பழகலாம், தபேலாவும் தவிலும் அதிலேயே வரும். தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். தெஹிவளையிலும் மொரட்டுவையிலும் வத்தளையிலும் சிங்களப் பிள்ளைகள் எவ்வளவோ பேர் அருமையாக வாசிக்கிறார்கள். கோர்ட்ஸ் எழுதிய தாளும், சரணம் எங்கே முடிகிறது என்று ஒரு தலையசைப்பும் அவர்களுக்குப் போதும். மொரட்டுவையின் ஜிப்சீஸ் என்ற பிரபல சிங்கள இசைக்குழு ஒரே குடும்பத்துக்குள் தொடங்கிய குழு, அவர்களுக்கு ப்ரெக்டிஸுக்கு ஆள் சேர்ப்பது ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் பஸ் வழியையும் பாருங்கள். மட்டக்குளி 155ஓ காலி வீதி 100, 101ஓ பிடித்து வரக்கூடியவர், கெட்டிக்காரரான தூரத்து ஆளைவிட உங்களுக்கு உதவுவார்.

ப்ரெக்டிஸுக்குப் போயா தினத்தை எடுங்கள். மாதத்துக்கு ஒரு விடுமுறை நிச்சயம், மதுபானம் விற்க முடியாததால் ஹோட்டலில் ஆட்டம் பாட்டமும் இருக்காது, வாசிக்கிறவர்கள் சும்மா இருப்பார்கள். பக்கத்தில் விகாரை இருந்தால் கதவைச் சாத்திச் சத்தத்தைக் குறையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் சைவக் கலியாணம் இல்லை, தவக்காலத்தில் கத்தோலிக்கக் கலியாணம் குறைவு. தேவாலயத்தில் வாசிக்கிறவர் டிசம்பர் கடைசியில் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். இதையெல்லாம் முதல் நாளே கதைத்துவிடுங்கள்.

காசு கொடுக்கக் கூடாது என்றேன், அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கூலிக்கு வாசிக்கும் கலைஞரை நீங்களே நேரடியாக அழைத்தால் அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும், தாராளமாகக் கொடுக்க வேண்டும். ப்ரெக்டிஸுக்கு வந்தால் அதற்கும் கூலி உண்டு, அது அவருடைய ஒரு மாலைப் பொழுது. ஓட்டோக் காசு தனி. சாப்பாடு யார் பொறுப்பு என்பதை முதலே சொல்லுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து அவர் குச்சியைப் பையில் வைப்பதற்குள் காசு அவர் கையில் இருக்க வேண்டும், கலியாண வீட்டார் உங்களுக்குத் தந்தாலும் தராவிட்டாலும். வீட்டார் இழுத்தடித்தால் அந்த நட்டம் உங்களுடையது. அவரைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்த்துப் பெயர் வைப்பது பற்றியெல்லாம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். அதே நாளில் கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போனால் கோபிக்காதீர்கள், இரண்டு கிழமைக்கு முன் சொல்லும்படி மட்டும் கேளுங்கள். உங்கள் சொந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் வாசித்தால், இந்தத் தொகைக்கு வாசித்தேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். அவராகவே ஒரு நாள் கூலி கேட்காமல் ப்ரெக்டிஸுக்கு வந்து நிற்பார். அன்றைக்கு அவரையும் வாட்ஸ்அப்பில் சேருங்கள், வருமானத்தைச் சமமாகப் பிரியுங்கள், பெயரை நான்கு பேர் பெயரிலும் பதியுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்த மனிதரிடம் போக வேண்டாம். காசு தருவதில்லை, பெயரையும் தருவதில்லை என்று எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, அவர் அனுப்பிய பழைய செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அவற்றோடு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள். தங்கையிடம் கேட்டு முதல் மூன்று பாட்டுக்கும் கட்டையை இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.