மாநில அரசின் மசோதா குறித்துக் கிராம சபை தீர்மானம் போடலாமா?

"சட்டப்பேரவையில் உள்ள ஒரு மசோதாவை எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் கேட்டேன், அது நம் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. தீர்மானம் போடலாம். அது சட்டப்பேரவையைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு செய்தி. உள்ளாட்சி என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். நம்மைக் கேட்டுத்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்ற கட்டாயம் பேரவைக்கு இல்லை. ஆனால் கட்டுப்படுத்தாத தீர்மானம் எல்லாம் வீண் என்றால், ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிராக 2021 ஆகஸ்டில் நம் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் வீண் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பேரவைக்குத் தில்லியை நோக்கிப் பேச உரிமை உண்டு என்றால், ஊருக்குக் கோட்டையை நோக்கிப் பேச உரிமை உண்டு. இதில் எனக்கு ஐயமே இல்லை.

நான் சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊராட்சியில் 2020 முதல் 2025 வரை வார்டு உறுப்பினராக இருந்தவள். கட்சிக்காக எழுதுகிறேன் என்று யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்த ஆட்சியிலும் கேள்வி கேட்டேன், அடுத்து வந்த ஆட்சியிலும் கேட்டேன்.

2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நில ஒருங்கிணைப்பு மசோதா நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் வரும் சிறப்புத் திட்டங்களின் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால், அந்த அரசு நிலத்தையும் திட்டத்தோடு இணைத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா அது. அதே நாளில்தான் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதாவும் நிறைவேறியது. அதைத் தொழிற்சங்கங்கள் விடாப்பிடியாக எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். ஏரிக்குச் சங்கம் இல்லை. ஏரிக்கு இருப்பது கிராம சபை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது, அந்த மே 1 அன்று எங்கள் ஊரிலும் கிராம சபை இருந்தது.

ஊராட்சிச் செயலர் நல்ல மனிதர்தான். ஆனால் நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அக்கா, மேல இருந்து வந்த அஜெண்டாவுல இது இல்லீங்க, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஊராட்சியின் தீர்மானம் அதன் அதிகாரத்தை மீறியது என்று கருதினால், அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஆட்சியருக்கு இடம் தருகிறது. ஆகவே "மசோதாவை நிராகரிக்கிறோம்" என்று எழுதாமல், "எங்கள் பொறுப்பில் உள்ள நீர்நிலைகளுக்கு இதனால் என்ன நேரும் என்று கூறி, மறுபரிசீலனை செய்யக் கோருகிறோம்" என்று எழுதினோம். உங்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் இதுவே முதன்மையானது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. கரையைப் பார்ப்பதும் மதகைப் பார்ப்பதும் நம் வேலை என்றால், அந்த ஏரியைப் பற்றிய மசோதா மட்டும் எப்படி நம் வேலையில்லாமல் போகும்?

வாசகத்தை எழுத உட்கார்ந்தபோது, முதலில் ஆளாளுக்கு முழக்கமாகச் சொன்னார்கள். வரிசையில் கடைசியில் இருந்த ஒரு பெரியவர்தான், "அதெல்லாம் அப்புறம், மலையில இருந்து ஏரிக்கு வர்ற ஓடையை முதல்ல எழுது கண்ணு, அது பேப்பர்ல ஒரு மாதிரி இருக்கும், தரையில வேற மாதிரி இருக்கும்" என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் குறித்திருக்கும் அ-பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஓடைப் புறம்போக்கின் புல எண்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். எந்த எண்ணில் ஓடை வளைகிறது, எந்த இடத்தில் வேலி உள்ளே வந்திருக்கிறது, ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது தண்ணீர் யார் காட்டைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகிறது என்று அந்தப் பெரியவரும் இன்னும் சில பெண்களும் சொல்லச் சொல்ல எழுதினேன். மலையில் பெய்யும் மழை இப்படி ஏரிக்கு ஏரி இறங்கித்தான் திருமணிமுத்தாற்றுக்குப் போகிறது. நடுவில் ஓர் ஓடையின் போக்கை மாற்றினால் கீழே மூன்று ஊருக்குத் தண்ணீர் இல்லை. இந்தச் செய்தி சென்னையில் மசோதா எழுதுகிறவரின் மேசையில் இருக்காது. எங்களிடம் இருந்தது.

தீர்மானம் ஆட்சியருக்கும், துறைச் செயலாளருக்கும், தொகுதி உறுப்பினருக்கும் போனது. ஒப்புகை அட்டைகள் வந்தன, வேறு பதில் வரவில்லை. ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதலோடு மசோதா சட்டமாகிவிட்டது. அப்புறம் என்ன பயன் என்று கேட்பீர்கள். மறு ஆண்டு அதே ஓடையை ஒருவர் மண்ணைப் போட்டு மூடத் தொடங்கியபோது, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாங்கள் கொடுத்த மனுவோடு அந்தத் தீர்மானத்தை இணைத்தோம். புல எண்ணோடு, நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பத்தோடு, தகராறு வருவதற்கு முன்பே எழுதிய பதிவு அது. நில அளவையர் வந்தார், ஒரு பக்கம் கல் நட்டார். மறுபக்கம் இன்னும் அளக்கப்படவில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழங்குடியினர் பகுதி என்று அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், பழங்குடியினர் பகுதி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மலைக்குப் பொருந்தாது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயத் தொடங்குவதே கிராம சபைதான். காட்டைத் தொடும் மசோதாவாக இருந்தால், அந்தச் சட்டத்தைச் சுட்டி எழுதுங்கள். வெறும் கோரிக்கையைவிட அதற்கு எடை அதிகம்.

சேலம் மாவட்ட ஊராட்சிகளில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அச்சிட்டு வந்த பொருள் நிரலைப் படித்து முடிப்பதே கிராம சபை என்று ஆகிவிடுவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத இடத்தில் மேலிடத்தின் மசோதாவைப் பற்றி ஊர் சார்பில் எழுந்து பேசுகிறவர் யார்? இதைவிட எனக்கு ஆத்திரம் தந்தது, நானே எழுதிய தீர்மானத்தின் நகலைப் பிறகு கேட்டபோது, ஓர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொன்னதுதான். மனுப் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினேன்.

எனவே நீங்கள் போகும்போது, பொருளைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டிய ஆட்கள், இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அங்கேயே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், புத்தகத்தை மூடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.