பிப்பின் கூச்சம்

அன்புள்ள ஐயா,

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை அண்மையில் வாசித்து முடித்தேன். தன்னை வளர்த்த கொல்லர் ஜோ லண்டனுக்குத் தேடி வரும்போது பிப் நடந்துகொள்ளும் விதம் கசப்பைத் தந்தது. கையில் பணம் வந்ததும் நன்றி மறந்த ஒருவனின் கதை என்பதற்கு மேல் இதில் வர்க்கத்தைப் பற்றி என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிப்பை நன்றி மறந்தவன் என்பதில் பிழையில்லை. கதைசொல்லியான பிப்பே நம்மைவிடக் கடுமையாக அதைத் தன்மீது எழுதிவிட்டான். ஜோவின் வருகையைப் பணம் கொடுத்துத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று 27ஆம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்பவன், அதையொட்டியே இன்னொன்றையும் சொல்கிறான்: தான் மதிக்கும் நண்பன் ஹெர்பர்ட் ஜோவைப் பார்ப்பதில் தனக்குப் பெரிய தயக்கமில்லை, தான் துச்சமாக நினைக்கும் டிரம்மில் என்பவன் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அச்சம். டிரம்மிலோ பிரபுப் பட்டத்துக்கு வாரிசு வரிசையில் நிற்பதைத் தவிர வேறு தகுதியற்ற முரடன். அன்பு செலுத்திய மனிதரை, மதிப்பில்லாத ஒருவனின் கண்கொண்டு பார்க்க வைப்பதே இந்நாவலில் வர்க்கம் செய்யும் வேலை.

அந்தச் சந்திப்பில் ஜோ 'பிப்' என்றும் 'ஐயா' என்றும் மாறிமாறி அழைப்பதையும், தொப்பியை வைக்க இடம் தெரியாமல் தடுமாறுவதையும் வேடிக்கையாக வாசித்துக் கடந்துவிடுவது எளிது. ஆனால் 57ஆம் அத்தியாயத்தை அதனருகே வைத்துப் பாருங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிப்பைக் குழந்தையைப்போலப் பராமரிக்கும்போது பழைய உரிமையோடு பேசும் ஜோ, அவன் உடல் தேறத் தேற மெல்ல 'ஐயா'வுக்குத் திரும்புகிறார்; பிறகு, பிப் கைதாகக் காரணமாக இருந்த, 123 பவுண்டுக்கும் மேற்பட்ட நகைக்கடைக் கடனைச் சொல்லாமலே அடைத்துவிட்டு, ஒரு காலையில் சிறு கடிதம் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த நேரத்தில் பிப்பின் எதிர்பார்ப்புகள் எல்லாம் தகர்ந்துவிட்டன. அவனுக்கு மறைவாகப் பணம் தந்துவந்த, நாடுகடத்தப்பட்ட குற்றவாளி மாக்விட்ச் ஆஸ்திரேலியாவில் ஈட்டிய செல்வம் அரசுடைமையாகிவிட்டது. பணமே காரணம் என்றால் இடைவெளியும் அதனோடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பிப்பின் அன்பு நிலைக்காது என்று ஜோ ஐயுறும்படி நடந்துகொண்டவன் தானே என்பதை அவன் உணரும் அந்தப் பத்திகளை, டிரம்மிலைப் பற்றிய வரிகளோடு சேர்த்து மறுபடி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.