பழைய ஆர்மி ஜீப்புக்குப் பிரேக் பைப் மாற்றுவது: கேள்வி பதில்

வில்லீஸ், ஃபோர்ட் ஜி.பி.டபிள்யூ., பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கும் நம் மலையகத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பிரேக் வேலை என்பதால் சில இடங்களில் கண்டிப்பாகப் பேசுவேன், கோபிக்க வேண்டாம்.

ஹட்டன்: அண்ணே, 1944 வில்லீஸ். பின்பக்கம் போகும் பைப் மட்டும் ஒழுகுகிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு நடுவில் ஒரு இணைப்புப் போட்டால் போதாதா?

போதாது தம்பி. இப்போதைய கார்களில் பிரேக் இரண்டு பிரிவாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். உங்கள் ஜீப்பில் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளும் உருளை), நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலும் போச்சு.

எனக்கே நடந்திருக்கிறது. ரம்பொடை இறக்கத்தில் ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தேன், பெடல் அப்படியே தட்டுவரை இறங்கிவிட்டது. இரண்டாவது கியரில் வந்ததால் மண்மேட்டுப் பக்கம் உரசி நிறுத்த முடிந்தது. கழற்றிப் பார்த்தால் பெயின்ட் எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. கிளிப்புக்கு அடியில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. அங்கேதான் சேறும் ஈரமும் தங்கும். உர மூட்டை ஏற்றிய தோட்டத்து ஜீப் என்றால் இரும்பை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு துண்டு போயிருந்தால், அதே வயதுள்ள மற்றப் பைப்பையும் நம்பாதீர்கள். எல்லாவற்றையும் மாற்றுங்கள், ரப்பர் ஓஸ்கள் உட்பட.

தலவாக்கலை: ஏசி வேலைக்கு விற்கும் செம்புக் குழாய் மலிவு, கையாலேயே வளைகிறது. போடலாமா?

வேண்டாம். தனிச் செம்பு அதிர்ச்சியில் இறுகி இறுகி ஒருநாள் வெடித்துவிடும். நம் தோட்டத்து ரோட்டில் அதிர்ச்சிக்கா பஞ்சம்? பிரேக்குக்கென்றே வரும் இரும்புப் பைப், அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பைப் வாங்குங்கள். இரண்டாவது துருப்பிடிக்காது, வளைக்கவும் இலகு. நம் ஈரத்துக்கு நான் அதைத்தான் போடுவேன். பழைய பைப்பை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்: 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ., 1/4 அங்குலம் என்றால் 6.35 மி.மீ.

பண்டாரவளை: அண்ணே, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வாகனத்தின் மூன்று வழி இணைப்பு ஒன்று வாங்கினேன். ஜீப்பின் பழைய நட் அதில் ஏறுகிறது, ஆனால் லேசாக ஆடுகிறது. இறுக்கினால் சரியாகிவிடுமா?

தயவுசெய்து அந்த இணைப்போடு ஓட்டாதீர்கள். பழைய அமெரிக்க ஜீப்பின் நட் அங்குல மரை. 3/16 பைப்புக்கு வரும் நட் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. ஜப்பான் சாமான் 10 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 24 மரை என்பதும், 1 மி.மீ.க்கு ஒரு மரை என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் ஏறுகிறது, இறுகுவது போலவும் தோன்றுகிறது. ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். நல்ல நட் விரலாலேயே கடைசிவரை ஆட்டமில்லாமல் ஏற வேண்டும். ஸ்பெனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். பழைய பித்தளை இணைப்பு வெடிக்காமல் இருந்தால் சுத்தம் செய்து அதையே போடுங்கள்.

பைப் முனையும் அதே அளவு முக்கியம். ஜீப்புக்கு வேண்டியது இரட்டை மடிப்பு: முனை முதலில் உள்ளே மடிந்து, பிறகு 45 பாகையில் விரிய வேண்டும். ஒற்றை மடிப்பு ஓரத்தில் கீறிவிடும். பைப்பை வாளால் அறுக்காமல் கட்டரால் வெட்டி, உள்விளிம்பின் பிசிரைச் சுரண்டி எடுங்கள். நட்டை முதலில் பைப்பில் கோர்த்துவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும். வீண் துண்டில் ஐந்தாறு தடவை பழகுங்கள். விரித்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மயிரிழைக் கீறல் இருந்தாலோ வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

நானுஓயா: எல்லாம் மாற்றி, நானும் மகனும் பைப்புக்குள் இருந்த காற்றை எடுத்தோம் அண்ணா. இன்னும் பெடல் பஞ்சு போல இருக்கிறது.

தங்கச்சி, முதலில் நாலு டிரம்மிலும் பிரேக் சப்பாத்தை (டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் துண்டை) டிரம்மை ஒட்டும் அளவுக்குச் சரிசெய்தீர்களா? அது தள்ளி இருந்தால் எவ்வளவு காற்று எடுத்தாலும் பெடல் கீழே போகும். அப்புறம், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். இடப்பக்க ஸ்டியரிங் ஜீப் என்றால் வலப் பின்சக்கரம். சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலில் உள்ள ஒயிலுக்குள் அமிழ்த்துங்கள். நீங்கள் நிப்பிளைத் திறக்க, மகன் மெதுவாக மிதிக்கட்டும். பெடலை விடுவதற்கு முன் நீங்கள் நிப்பிளை மூடிவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் குறைய விட்டால் மறுபடி முதலிலிருந்து.

வெலிமடை: மிதித்தபின் முன் இடச் சக்கரம் மட்டும் விடுவதில்லை.

இறுகி நிற்கும்போது அந்தச் சக்கரத்து நிப்பிளைத் திறங்கள். உடனே சுற்றினால் உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் பழைய ரப்பர் ஓஸ் உள்ளே வீங்கி, போன ஒயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். நாலு சக்கரமும் இப்படி என்றால் பெடல் கம்பிக்கு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டமே இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும்.

மஸ்கெலியா: உள்ளே கழுவ மண்ணெண்ணெய் நல்லதா?

கூடாது, ரப்பர் ஊதிவிடும். மெதிலேட்டட் ஸ்பிரிட், அல்லது புது பிரேக் ஒயில்.

அப்புத்தளை: எந்த ஒயில்? சிலிகோன் நல்லது என்கிறார்களே.

டொட் 4 என்ற வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடலில் ஒன்றும் இருக்காது. பனியும் மழையும் உள்ள நம் ஊரில் ஒவ்வொரு வருடமும் மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலை ஊற்றாதீர்கள். டொட் 5 என்ற சிலிகோன் ஈரத்தை உறிஞ்சாது, அமெரிக்க இராணுவமே பிற்காலத்தில் அதற்கு மாறியது. ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. மாறுவதென்றால் ரப்பர் எல்லாம் புதிதாக, பைப் காய்ந்திருக்க வேண்டும்.

கொட்டகலை: வேலை முடிந்தது. நேரே நுவரெலியாவுக்கு எடுக்கலாமா அண்ணே?

பொறுங்கள். நின்ற இடத்திலேயே பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக்கூட இறங்கக்கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஓஸ் டயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பிறகு தோட்டத்து மைதானத்தில் இருபது தடவையாவது மிதித்து நிறுத்துங்கள். மறுநாள் காலை ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்து, தரை காய்ந்திருந்தால் எடுங்கள். இறக்கம் தொடங்குமுன் இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். இந்தக் கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோ (ஓடும்போது கியர் இலகுவாக விழ உதவும் பாகம்) கிடையாது, நடு இறக்கத்தில் தேடினால் விழாது.