வாசகர் கேள்வி: பேச்சு வருகிறது, பாடமொழி வரவில்லை

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பாதிப்பேருக்கு வகுப்பில் புழங்கும் மொழி வீட்டுமொழி அன்று. தோழர்களோடு சரளமாகப் பேசும் இவர்கள், பாடத்தில் கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் கூறி அமர்ந்துவிடுகிறார்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள். இது முயற்சிக் குறைவா?

பதில்: அவர்களுடைய முயற்சியை ஐயுற வேண்டாம். தோழர்களோடு பேசும் மொழியும் பாடத்தை விளக்கும் மொழியும் வெவ்வேறு திறன்கள் என்று கனடாவில் பணியாற்றிய கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது. பாடமொழியில் சக மாணவர்களுக்கு இணையாக வருவதற்கோ 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். சரளமாகப் பேசும் பிள்ளையைப் பார்த்து, 'இவனுக்குத்தான் மொழி தெரியுமே' என்று நாம் முடிவு கட்டிவிடுவதால், இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கிடைக்கவேண்டிய துணை அவனுக்குக் கிடைக்காமலே போகிறது. இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் உண்டு.

எழுத்தை நேரடியாகக் கேட்காமல், பேச்சிலிருந்து படிப்படியாக அதற்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. சர்க்கரை கரையும் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுடுநீரும் குளிர்நீரும் உள்ள இரண்டு குவளைகளும் கண்முன் இருக்கும்போது, 'இதுல சீக்கிரம் போயிடுச்சு, அதுல இன்னும் கிடக்கு' என்பதே குழுவுக்குள் போதுமான பேச்சு. அந்தக் குவளைகளைப் பார்க்காத வேறொரு குழுவிடம் நடந்ததைச் சொல்லுமாறு, அப்படிப் பேசிய மாணவியை அனுப்புங்கள். 'இது', 'அது' என்பவை அங்கே உதவாது என்பதால், 'சுடுநீரில் போட்ட சர்க்கரை வேகமாகக் கரைந்தது' என்று அவளே சொல்லத் தொடங்குவாள். அதன்பின் எழுத உட்காரும்போது, 'நீரின் வெப்பநிலை கூடக்கூடச் சர்க்கரை கரையும் வேகமும் கூடுகிறது' என்ற பொது வாக்கியத்துக்கு ஓர் அடிதான் மிச்சம். 'கரைந்தது' என்னும் நிகழ்ச்சி 'கரையும் வேகம்' என்னும் கருத்தாக மாறும் இந்த இடத்தில்தான் பாடமொழி பிறக்கிறது. ஆகவே அந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எது எப்படி மாறியது என்று மாணவர்களையே சொல்ல வையுங்கள்.

தொடக்கத்தில், 'நான் கவனித்தது…', 'இதற்குக் காரணம்…', 'இதிலிருந்து தெரிவது…' போன்ற வாக்கியத் தொடக்கங்களைக் கொடுப்பது நல்லது. ஆனால் இவை கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றவை. சுவர் நின்ற பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டால், எல்லாக் குறிப்பேடுகளிலும் ஒரே அச்சில் வார்த்த பத்திகளே வரும்.

இன்னொன்று, கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், அதை 3 வினாடிகளாக நீட்டினாலே பதில்கள் நீள்வதோடு, பேசாதிருந்தவர்களும் பேசுவதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மனத்துக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்த 3 வினாடிகள் மிகப் பெரிய உதவி. பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்பில் சொல்லச் செய்வதும் அச்சத்தைக் குறைக்கும்.

கேள்வி: பேசும்போதே பிழைகளைத் திருத்தலாமா?

பதில்: கருத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிட வேண்டாம். முடித்ததும், அதே கருத்தைச் சரியான வடிவில் நீங்கள் ஒருமுறை இயல்பாகத் திருப்பிச் சொல்லி, அதை இன்னும் விரித்துச் சொல்லக் கேளுங்கள். எழுத்தில், ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் அடிக்கோடிட்டுத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மையால் நிறைந்த தாளை மாணவர் மடித்து வைத்துவிடுவாரே தவிர, படிக்கமாட்டார்.