சாயந்திரம் மருந்து அடித்தால் காட்டுத் தேனீக்கள் தப்பிக்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா மாந்தோப்பு. பூ நேரத்தில் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் அடிக்கிறோம். தேனீப் பெட்டி எதுவும் இல்லை, காட்டுத் தேனீதான் வருகிறது. சாயந்திரம் அடித்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். சரியா?

பதில்:

பாதிதான் சரி. சாயந்திரம் அடிக்கும் யோசனை பெட்டித் தேனீயை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. பெட்டி வைத்திருப்பவர் முந்தின நாள் இரவே வாசலை அடைத்துவிடலாம், வேண்டுமானால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம். வரப்பு மண்ணிலும் பட்டுப்போன கிளையிலும் குடியிருக்கும் தேனீக்கு அந்த வசதி இல்லை.

முதலில் மருந்தின் வீரியம். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டருக்கு 0.3 மில்லி கலந்தால், ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 60 மில்லிகிராம் விஷம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு துளியில் ஏறக்குறைய 30 நானோகிராம். வாய்வழியாக உள்ளே போனால், தேனீக்களில் பாதியைக் கொல்ல ஒன்றுக்கு 4 நானோகிராம் அளவே போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதுவும் பெரிய உடம்புள்ள ஐரோப்பியத் தேனீயில் பார்த்த கணக்கு. நம் கொசுத்தேனீ 4 மில்லிமீட்டர் நீளம்தான்.

இரண்டாவது, நேரம். தேனீ எல்லாம் ஆறு மணிக்குக் கூடடைவதில்லை. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பூவுக்குப் போகும். மரத்தைத் துளைக்கும் கருவண்டுத் தேனீக்களில் சில இனங்கள் இருட்டிய பிறகும் பறக்கும். இமிடாகுளோபிரிட், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்றவை இலையிலும் பூவிலும் காய்ந்த பிறகும் வீரியத்தோடு இருப்பதால், சாயந்திரம் அடித்தது மறுநாள் காலை வரும் தேனீயையும் பிடிக்கும். போதாக்குறைக்கு இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவும் மருந்து. பூ மலர்வதற்குச் சற்று முன்பு அடித்தாலும் அதன் பங்கு பூந்தேனில் வந்து சேரலாம். தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்தை ஈயும் தேனீயும் நக்கும், அந்த வழியும் திறந்திருக்கிறது. மாவுக்கு மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பலருக்குத் தெரியாதது டேங்க் கலவை. சாம்பல் நோய்க்கு ஹெக்சகோனசோல், தத்துப்பூச்சிக்கு லாம்ப்டா, ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையில் முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த வகைப் பூசணக்கொல்லிகள் தேனீயின் உடம்பில் விஷத்தை முறிக்கும் நொதிகளைத் தடுக்கின்றன. தனியாக அடித்தால் தேனீ தாங்கக்கூடிய அளவு, கலவையில் கொல்லும் அளவாகிறது. அசிட்டாமிபிரிட் தேனீக்குச் சாது என்று பெயர் வாங்கிய மருந்து. ஆய்வகத்தில் ஹெக்சகோனசோல் வகையைச் சேர்ந்த புரோபிகோனசோலோடு சேர்த்துப் பார்த்தபோது அதன் நச்சுத்தன்மை நூறு மடங்கு கூடியது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் (80 டபிள்யூ.பி., லிட்டருக்கு 2 கிராம்) போதும், தேனீக்கும் பெரிய தொந்தரவு இல்லை. வெயில் ஏறிய பிறகு அடித்தால் மட்டும் இலை கருகும்.

பெட்டித் தேனீயைவிடக் காட்டுத் தேனீ ஏன் அதிகம் அடிபடுகிறது? பெட்டியில் ஆயிரம் வேலைக்காரத் தேனீ செத்தாலும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், கூட்டம் ஈடுகட்டிவிடும். காட்டுத் தேனீக்களில் பல, கூட்டமாக வாழாத தனித் தேனீ. அதில் தாய் ஒருத்திதான் கூடு தோண்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட வேண்டும். வாழ்நாளில் சில பத்துக் குஞ்சு வைத்தாலே பெரிது. அவள் வழி தவறினால் அந்தக் கூடு அத்தோடு சரி. ஸ்வீடனில் விதையில் பூச்சிமருந்து பூசி (விதைநேர்த்தி செய்து) விதைத்த கடுகு வகைப் பயிரில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பெட்டித் தேனீக் கூட்டங்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதே வயல்களில் காட்டுத் தேனீ குறைந்தது, தனித் தேனீ கூடே கட்டவில்லை. கனடாவில் பூசணிப் பயிருக்கு மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட ஆய்வில் (2021), மண்ணில் கூடு கட்டும் பூசணித் தேனீயின் கூடுகள் 85 சதவீதம் குறைந்தன. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேரில் ஊற்றுவதும் சொட்டுநீரில் விடுவதும் காற்றில் பரவாததால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் மண்ணுக்குள் குடியிருக்கும் தேனீக்கு அது நேரே வீட்டுக்குள் ஊற்றுவதுதான். தக்காளி, கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்ப்பது நீலக்கோட்டுத் தேனீ போன்றவை. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீயால் அது முடியாது.

தோப்பில் என்ன செய்யலாம்? அறுவடை முடிந்ததும் குறுக்குக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் உள்ளே விடுங்கள். தத்துப்பூச்சிக்கு நிழலும் ஈரமும்தான் பலம், அடர்ந்த தோப்பில் எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. பூங்கொத்து நீள ஆரம்பித்ததும் மரத்துக்கு நாலு பக்கமும் கொத்தைப் பார்த்து எண்ணுங்கள். கொத்துக்கு 4, 5 பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்து. பூ விரியும் முன்பே, புப்ரோஃபெசின் 25 எஸ்.சி. லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி, தண்டும் கிளையும் நனைய. இது குஞ்சுகளைத் தோலுரிக்கும்போது கொல்லும், பெரிய பூச்சியைக் கொல்லாது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்துப் பூச்சி இன்னும் குதிக்கிறதே, மருந்து சரியில்லை என்று லாம்ப்டாவைத் தூக்குவதுதான் பலர் செய்கிற தவறு. ஒரு வாரம் பொறுங்கள். லேபிளில் மா எழுதியிருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பூ விரிந்த பிறகு பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். வேப்பங்கொட்டைச் சாறும் (100 லிட்டருக்கு 5 கிலோ பருப்புத் தூள், இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 கிராம் சோப்பு சேர்த்து) மொட்டு நிலையிலேயே, இல்லாவிட்டால் பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு. வேம்புதானே என்று பூவின் மேல் அடித்தால் மகரந்தத்தோடு கூட்டிலுள்ள தேனீப் புழுக்களுக்குப் போகும். மரத்தடியில் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் பூத்திருந்தால், அடிப்பதற்கு முந்தின நாள் அறுத்துவிடுங்கள் அல்லது ஆடு மேயவிடுங்கள். மரத்திலிருந்து சொட்டுவது அந்தப் பூவில்தான் விழும். வேலியோரப் பூவை விட்டுவையுங்கள்.

துவரை போட்டிருந்தால், காய்ப்புழுவுக்கு பூ நேரத்தில் புரோபனோபாஸ் வேண்டாம். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. ஏக்கருக்கு 60 மில்லி தேனீக்கு எவ்வளவோ பரவாயில்லை. துவரைப் பூவைத் திறப்பது இலைவெட்டித் தேனீயும் கருவண்டுத் தேனீயும். இலை ஓரத்தில் நாணயம் போல வட்டமாக வெட்டியிருந்தால் அது புழு இல்லை, இந்தத் தேனீ கூட்டுக்கு இலை எடுத்துப் போயிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் இதைப் பார்த்ததும் மருந்து அடிப்பவர்கள் உண்டு. பயிருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கூட்டுக்கு இடமும் வேண்டும். வெயில் படும் வரப்பில் ஒரு துண்டை உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். 4 முதல் 10 மில்லிமீட்டர் துளையுள்ள நாணல், மெல்லிய மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு பக்கம் கணு இருக்கும்படி நறுக்கிக் கட்டு கட்டி, மழை படாத இடத்தில் கிழக்கு பார்த்து இடுப்பு உயரத்தில் தொங்கவிடலாம். ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். மருந்து டேங்கைத் தொட்டி ஓரத்திலோ மோட்டார் வாய்க்காலிலோ கழுவாதீர்கள். ஜனவரிக்குப் பிறகு நம் பக்கம் தண்ணீர் குறையும், தேனீ குடிக்க வருவது அந்த ஈரத்துக்குத்தான். கழுவிய தண்ணீரை, பூவும் தேங்கலும் இல்லாத வெறுந்தரையில், கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றுங்கள்.