கிட்டார் ஆம்ப் டியூப்: பெட்டி மேல் உள்ள பெயருக்கா காசு கொடுக்கிறோம்?

டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களிடமிருந்து மாற்று டியூப் வாங்குவது பற்றி அடிக்கடி கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஆம்பில் சில நாட்களாகக் கொரகொரவென்று சத்தம். காட்டிய இடத்தில், “மொத்த டியூபையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள்” என்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். இந்த மாதிரிச் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு டியூப்தான் காரணமாக இருக்கும். சில சமயம் டியூப் நன்றாகவே இருக்கும், சாக்கெட்டில் படிந்த அழுக்குதான் வில்லன். “மொத்தமாக மாற்றுங்கள்” என்று சொல்கிறவர் எது கெட்டது என்று தேடிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் ப்ரீஆம்ப் டியூப்களைப் பாருங்கள். கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும், ஒன்பது பின் கொண்ட சின்ன டியூப்கள் அவை. ஆம்பை ஓடவிட்டு, வால்யூமை மிதமாக வைத்து, ஒவ்வொன்றையும் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் லேசாக ‘டொக்’ என்று கேட்பது சகஜம், அதுவும் கிட்டார் ஜாக்கை ஒட்டிய முதல் டியூபில். தட்டிய பிறகும் ரீங்காரம் நீண்டாலோ, ஊளையிட்டாலோ, படபடவென்று பொரிந்தாலோ அதுதான் குற்றவாளி. உறுதி செய்துகொள்ள நல்ல 12ஏஎக்ஸ்7 (ப்ரீஆம்பில் அதிகம் வரும் டியூப் ரகம்) ஒன்று கையில் இருந்தால் போதும். ஆம்பை அணைத்து, சூடு ஆறியதும் ஒவ்வோர் இடமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் போட்டதும் சத்தம் நிற்கிறதோ, அங்கே இருந்ததை மட்டும் தூக்கி எறியுங்கள். முழு செட் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு டியூபை வாங்குங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் தேய்ந்தால் அறிகுறி வேறு. சத்தம் குறையும், பாஸ் தளரும், ஒலி மங்கும். இது மெதுவாக நடப்பதால் காது பழகிவிடும். வாரந்தோறும் மேடையில் முழுச் சத்தத்தில் வாசிப்பவருக்கு ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். வீட்டில் மெதுவாக வாசிப்பவருக்கு அதைவிட ரொம்ப நாள் வரும். நான்கு ஈஎல்84 பவர் டியூப் வைத்து அவற்றைச் சூடாகவே ஓட்டும் வாக்ஸ் ஏசி30 மாதிரி ஆம்புகளில் சீக்கிரம் தேயும். ப்ரீஆம்ப் டியூப் பத்து வருடம் உழைத்தாலும் ஆச்சரியமில்லை. காலாவதித் தேதி போட்ட சாமான் இல்லை இது. கெட்டால் மாற்றினால் போதும்.

கேள்வி: பவர் டியூபுக்குள் நீல வெளிச்சம் தெரிகிறது. போய்விட்டதா?

இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினாற்போல் நீலம் தெரிவது நல்ல டியூபிலும் உண்டு. உள்ளே தகடுகளுக்கு நடுவே ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் புகைபோல் ஒளி நின்றால்தான் காற்று புகுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டியூபின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது செத்த டியூப். ஆம்பில் சொருகிப் பார்க்கக்கூட வேண்டாம்.

கேள்வி: 12ஏஎக்ஸ்7 ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், விலையும் மூன்று மடங்கு வரை வித்தியாசம். எந்த பிராண்டு நம்பகமானது?

பிராண்டு நிறைய, தொழிற்சாலை கொஞ்சம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்று கிட்டார் ஆம்புக்கு ஆகும் புது டியூப் கிட்டத்தட்ட எல்லாமே மூன்று நாடுகளிலிருந்து வருகிறது. ரஷ்யாவின் சராடோவ் நகரில் ஓர் ஆலை, அமெரிக்காவின் நியூ சென்சார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல், மல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் என்று இப்போது விற்பவை எல்லாம் அந்தக் குடும்பம்தான். இரண்டாவது, ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் உள்ள ஜேஜே. மூன்றாவது, சீன ஆலைகள். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுக்க டியூப் தட்டுப்பாடு வந்து விலை எகிறியதும் இதனால்தான். சரக்கு மறுபடி வரத் தொடங்கியது, ஆனால் எத்தனை மெல்லிய நூலில் இந்தத் தொழில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் அன்று தெரிந்தது.

ஆகவே ‘மல்லார்ட்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் செய்த டியூப் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரை வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காக ஒரே ஆலையில் வருவதெல்லாம் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே தகட்டின் நீளம், கிரிட் என்ற மெல்லிய கம்பியைச் சுற்றிய விதம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். நீளத் தகடு உள்ள 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்பின் அதிர்வில் சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும். காம்போ வைத்திருப்பவர்கள் குட்டைத் தகடு உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொரு விஷயம். மார்ஷல், பழைய ஃபெண்டர் பாஸ்மேன் வழியில் வந்த ஆம்புகளில் டோன் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் ‘கேத்தோடு ஃபாலோயர்’ என்று ஓரிடம் உண்டு. அங்கே கேத்தோடு (டியூபுக்குள் எலக்ட்ரான் வெளியிடும் பாகம்) 150 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பக்கத்திலேயே இருந்து அதைச் சூடாக்கும் ஹீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் இருக்கும். இந்த இழுவையைத் தாங்காமல் சில புது டியூப்கள் அந்த இடத்தில் மட்டும் இரைச்சல் போட்டுச் சீக்கிரம் போய்விடும். அதே டியூபை வேறிடத்தில் போட்டால் வருடக்கணக்கில் ஓடும். “இதே பிராண்டு என் ஆம்பில் ஆறு மாதம்கூட வரவில்லை” என்பதும், “எனக்கு எட்டு வருடமாக ஓடுகிறது” என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான். விற்பவரிடம் “கேத்தோடு ஃபாலோயர் இடத்துக்கு எது தாங்கும்?” என்று கேளுங்கள். அவர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

என்னைக் கேட்டால் பிராண்டைவிட விற்பவர்தான் முக்கியம். ஆலையிலிருந்து வரும் சரக்கில் நல்லதும் சுமாரும் கலந்தே வரும். அதை வாங்கி, சத்தம் பார்த்து, மைக்ரோஃபோனிக்காக (தட்டினாலோ அதிர்ந்தாலோ ஊளையிடுவதாக) இருப்பதை ஒதுக்கி, மிச்சத்தை அனுப்புகிறவர் ஒருவகை. பெட்டி வந்தபடியே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவர் இன்னொரு வகை. முதல் ஆளிடம் கொஞ்சம் கூடக் கொடுத்துச் சாதாரண பிராண்டு வாங்குவது, இரண்டாம் ஆளிடம் பெரிய பெயர் வாங்குவதைவிட மேல். மூன்று கேள்வி கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எதை வைத்துச் சோதிக்கிறீர்கள்? பவர் டியூப் என்றால் அளந்த எண்ணைப் பெட்டியில் எழுதித் தருவீர்களா? எத்தனை நாளுக்குள் கெட்டால் மாற்றித் தருவீர்கள்? டியூப் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். அதனால் மாற்றித் தரும் காலம் 30 நாளாவது இருக்கட்டும், 90 நாள் இருந்தால் நல்லது. அந்தக் காலம் முடிவதற்குள் ஆம்பை நன்றாக ஓட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஐந்து மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்து புகார் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ‘மேட்ச்ட் பேர்’ என்று கூடுதல் விலை போடுகிறார்கள். அவசியமா?

இரண்டோ நான்கோ பவர் டியூப் இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பு என்றால் அவசியம். இரண்டு பக்கமும் இழுக்கும் கரண்ட் ஒத்துப்போகவில்லை என்றால் ஹம் என்ற ரீங்காரம் கூடும், ஒரு டியூப் மட்டும் அதிகச் சுமை தாங்கிச் சீக்கிரம் சாகும். இரண்டு பெட்டியிலும் எண் எழுதியிருக்க வேண்டும். 34, 35 மில்லிஆம்பியர் என்பது நல்ல ஜோடி. 28, 37 என்றால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது ஜோடியில்லை. எண்ணே இல்லாமல் ‘மேட்ச்ட்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் அந்தக் கூடுதல் காசுக்குக் கணக்கு இல்லை.

ஒரே பவர் டியூப் உள்ள சின்ன ஆம்புக்கு ஜோடி என்ற பேச்சே கிடையாது. ப்ரீஆம்ப் டியூபுக்கு ‘மேட்ச்ட்’ என்று விற்பது வெறும் வியாபாரம். பவர் டியூப்களுக்கு முன்னால் நின்று சிக்னலை அந்த இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்துக்கு மட்டும் இரு பாதியும் சமமாக உள்ள டியூப் கேட்பவர்கள் உண்டு. கிட்டாருக்கு அதுவும் கட்டாயமில்லை.

கேள்வி: என் ஆம்பில் 6வி6 பவர் டியூப் இருக்கிறது. 6எல்6 போட்டால் சத்தம் கூடுமா? பின் எல்லாம் ஒன்றுதானே?

சாக்கெட்டில் உட்காரும் என்பதற்காகப் போட்டுவிட முடியாது. 6வி6ஜிடியின் ஹீட்டர் 0.45 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9 ஆம்பியர். சரியாக இரண்டு மடங்கு. உங்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குச் செய்ததில்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பொருந்தாது, சும்மா இருக்கும்போது டியூப் இழுக்கும் கரண்டைத் தீர்மானிக்கும் பயஸும் மாறும். சேமிப்பதாக நினைத்து டிரான்ஸ்ஃபார்மரை எரித்துக்கொள்வீர்கள். 6எல்6 இடத்தில் ஈஎல்34 போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்: ஈஎல்34 ஹீட்டர் 1.5 ஆம்பியர், அதோடு 1ஆம் பின்னை 8ஆம் பின்னோடு இணைத்திருக்க வேண்டும். டெக்னீஷியனைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பெயர் வேறு, டியூப் ஒன்று என்பதும் உண்டு. 12ஏஎக்ஸ்7, ஈசிசி83 இரண்டும் ஒன்றே. ஈஎல்84, 6பிக்யூ5 ஒன்றே. ஜிஇசட்34, 5ஏஆர்4 ஒன்றே. ஒரு பெயரில் சரக்கு இல்லை என்றால் மற்றதைத் தேடுங்கள்.

முதல் இடத்தில் கெயின் அதிகம் என்று தோன்றினால் 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 5751 போட்டுப் பார்க்கலாம். பெருக்க எண் 100-இலிருந்து 70 ஆகக் குறையும், ஆம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ரிவெர்ப் ஓட்டும் இடத்தில் 12ஏடி7 இருந்தால் அங்கே மட்டும் 12ஏஎக்ஸ்7 வேண்டாம்.

கேள்வி: பவர் டியூப் மாற்றினால் பயஸ் பார்க்க வேண்டும் என்கிறார்களே, நானே செய்யலாமா?

உங்கள் ஆம்ப் கேத்தோடு பயஸ் (டியூபின் கரண்ட் தானாகவே சரியாகும் அமைப்பு) என்றால் பார்க்க வேண்டியதில்லை. அதே ரகத்தில் நல்ல ஜோடி போட்டால் போதும். ஃபிக்ஸ்ட் பயஸ் (தனி வோல்டேஜ் கொடுத்துக் கரண்டை வைக்கும் அமைப்பு) என்றால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மெசா பூகி ஆம்புகள் பலவற்றில் பயஸைத் திருப்ப வழியே கிடையாது. அதற்காகவே அந்த நிறுவனம் டியூப்களை அளந்து, நிறம் குறித்து, தன் ஆம்புக்கு ஒத்துவரும் வரம்பில் மட்டும் விற்கிறது. அந்த மாதிரி ஆம்புக்கு வெளியில் வாங்கினால் விற்பவரிடம் ஆம்பின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

கணக்கு எளிதுதான். 6எல்6ஜிசியின் தகடு தாங்குவது 30 வாட். சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கம். தகட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு டியூபுக்கு ஏறக்குறைய 46 மில்லிஆம்பியர். ஈஎல்34 என்றால் 25 வாட், அதே 450 வோல்ட்டில் 39-ஐ ஒட்டி வரும். இது உச்ச வரம்பு, கொஞ்சம் கீழே வைத்தால் டியூப் கூடுதல் நாள் உழைக்கும்.

ஆனால் அந்த 450 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் நிற்கும், ஆளைக் கொல்லும். கெப்பாசிட்டரை எப்படி வடிப்பது என்று ஏற்கெனவே தெரியாதவர்கள் ஆம்பைத் திறக்க வேண்டாம், டெக்னீஷியனிடம் கொடுங்கள். டியூப் விலையைப் பேசும்போதே அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பழைய டெலிஃபுங்கன், மல்லார்ட் டியூப்களை ‘நியூ ஓல்டு ஸ்டாக்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

நிஜமாக அந்தக் காலத்தில் செய்து, பயன்படுத்தாமலே கிடந்த சரக்காக இருந்தால் அருமையான சாமான். பிரச்சினை அந்த ‘நிஜமாக’வில்தான். கண்ணாடி மேல் உள்ள எழுத்தை யார் வேண்டுமானாலும் அழித்து மறுபடி அச்சடிக்கலாம், பழைய பெட்டியும் தனியாகக் கிடைக்கிறது. அச்சை விட்டுவிட்டு டியூபைப் பாருங்கள். டெலிஃபுங்கன் தானே செய்த ஈசிசி83-இன் அடியில், பின்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வார்த்த சிறு டைமண்ட் வடிவம் இருக்கும். பிளாக்பர்ன் மல்லார்டில் ‘பி’ எழுத்தோடு தொடங்கும் குறியீடு கண்ணாடியில் மங்கலாகப் பொறித்திருக்கும். இவற்றின் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

புதிது என்று சொல்லி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றியதை விற்பதும் சகஜம். பின்களில் சாக்கெட் கீறல் தெரிகிறதா, அளந்த எண் என்ன என்று கேளுங்கள். கழற்றியதுதான் என்று சொல்லி, அளவோடு, நியாய விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். நல்ல ப்ரீஆம்ப் டியூப் அப்படியும் பல வருடம் வரும். பவர் டியூபுக்கு மட்டும் இந்தச் செலவு வேண்டாம் என்பேன், எப்படியும் தேயப்போவது.

கேள்வி: பார்சலில் டியூப் வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியைப் பிரிப்பதையே வீடியோ எடுத்துவிடுங்கள், பின்னால் வாக்குவாதம் மிச்சம். வெள்ளிப் பூச்சு வெளுத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, லேசாக ஆட்டினால் உள்ளே ஏதாவது கலகலக்கிறதா என்று பாருங்கள். போட்ட பிறகு முதல் சில நிமிடம் ஆம்பை விட்டு நகராதீர்கள். விளக்கை அணைத்துப் பின்பக்கமாகப் பாருங்கள். ஹீட்டர் ஆரஞ்சாக ஒளிர வேண்டும். வெளியே தெரியும் சாம்பல் நிறத் தகடு சிவக்க ஆரம்பித்தால் உடனே அணையுங்கள்.

கேள்வி: மேடைக்குப் போகும்போது எதெல்லாம் ஸ்பேராக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு செட் பவர் டியூப், ரெக்டிஃபையர் டியூப் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுவது) உள்ள ஆம்பு என்றால் அதில் ஒன்று, அப்புறம் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் அதே அளவு ஃபியூஸ் நாலைந்து. ஸ்பேர் பவர் டியூப்களை ஒருமுறை ஆம்பில் போட்டு, பயஸ் ஒத்துவருகிறதா என்று பார்த்து, பெட்டியில் தேதி எழுதி வையுங்கள். உயிர் இருக்கும்போதே மாற்றிய பழைய செட் இருந்தால் அதுவே ஸ்பேருக்குப் போதும்.